சாமிக்குச் சுற்றிய சுருட்டு

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அப்பா வருவதற்கு முன்னாலேயே அவருடைய சுருட்டு வாசனை எங்கள் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்துவிடும். லுணுகலையிலிருந்து தேயிலைக்குள் ஏறிவரும் குறுக்குப்பாதை லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குக் கீழேதான் முடியும். கருப்பட்டி லேசாகத் தீய்ந்தது போன்ற அந்த வாசனை மேட்டில் ஏறும்போதே அம்மா "தேத்தண்ணி"க்கு அடுப்பில் தண்ணீர் வைத்துவிடுவார். கடைகளில் கட்டுக்கட்டாக விற்ற சுருட்டுக்கு அப்படி ஒரு வாசனை கிடையாது, அது இருமலைத்தான் கொடுக்கும். அப்பா குடித்தது சவரி மாமா கையால் சுற்றிய சுருட்டு.

சவரிமுத்து என்ற அந்த மனிதரை நான் முதலில் பார்த்தது அறுபதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது. லுணுகலையில் ஒரு முஸ்லிம் நானாவின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். வேதக்காரர், சுவரில் மாதா படம், மூலையில் யாழ்ப்பாணத்துப் புகையிலைச் சிப்பம், நடுவில் அவர். மனைவி இறந்து வருடங்களாகிவிட்டன, பிள்ளைகள் இல்லை. இலையின் நடுநரம்பை ஒரே இழுப்பில் உரித்து, உள்ளிலையை அடுக்கி, பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி, மேலிலையைச் சாய்வாகச் சுற்றிப் பசை தடவி முடிப்பார். முடித்த ஒவ்வொன்றையும் பற்றவைக்காமலே வாயில் வைத்து ஒருமுறை காற்றை இழுத்துப் பார்ப்பார். காற்று சீராக வராவிட்டால் அதைப் பிரித்துப் போட்டுவிடுவார். "என் சுருட்டு நடுவுல அணைஞ்சா நான் இந்தத் தொழிலையே விட்டுர்றேன்" என்பது அவருடைய பெருமை. அது வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. அப்பா அந்தச் சுருட்டைக் குடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணை மூடி, அவசரமே இல்லாமல், மழை பெய்தாலும் தீக்குச்சியை இரண்டாவது முறை தேடாமல் குடிப்பார். நானும் ஒருநாள் திருட்டுத்தனமாக ஒரு இழுப்பு இழுத்து, தலை கிறுகிறுத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பொம்பளப் பிள்ளைக்குச் சுருட்டா என்று அம்மா கொடுத்த அறை முதுகில் நாலு நாள் இருந்தது, ஆனாலும் நாக்கில் நின்ற அந்த இனிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அந்த வருடங்களில்தான், எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாத எங்கள் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் ஏதாவது ஒரு நாட்டுக்கு மனுப் போட வேண்டியிருந்தது. இந்தியாவுக்குப் போவதா, இங்கே இலங்கையிலேயே பிரஜாவுரிமை கேட்பதா என்று காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்திலும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் அதே பேச்சுத்தான். பக்கத்துக் காம்பராவில் இருந்த சித்தப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டுவிட்டார். திருச்சிப் பக்கத்தில் துறையூர் என்று ஒரு ஊர் இருப்பதாகக் கேள்விப்பட்டதைத் தவிர அவருக்கு அங்கே ஒன்றும் தெரியாது, ஆனால் சித்தியின் வீட்டார் எல்லாரும் போகிறார்கள். சித்தப்பாவை அப்பாதான் வளர்த்தார்; தாய் தகப்பன் போன பிறகு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டே கொந்தரப்புக் கூலிக்கு மண் வெட்டினாராம். "நீ வராம நான் எப்படிண்ணே கப்பல் ஏறுவேன்" என்று சித்தப்பா தினமும் வந்து நிற்பார். அப்பா ஒரு நாளும் வருகிறேன் என்றும் சொன்னதில்லை, வரவில்லை என்றும் சொன்னதில்லை. கடைசியில், "முனியாண்டிக்கிட்ட உத்தரவு கேப்போம். சாமி போன்னு சொன்னா நானும் வாறேன்" என்றார்.

எங்கள் தோட்டத்தில் உத்தரவு கேட்பது சுருட்டால்தான். பூசாரி மேல் முனியாண்டி இறங்கியதும் சுருட்டைப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். சாமி அதைக் கடைசிவரை குடித்து முடித்தால் சம்மதம், நடுவில் அணைந்தால் சம்மதம் இல்லை. கடைச்சுருட்டு தானாகவே அணையும், அதை நம்ப முடியாது என்று சித்தப்பாவே லுணுகலைக்குப் போய் சவரி மாமாவிடம் சொல்லி ஒரு முழ நீளத்துக்குச் சுருட்டு சுற்றி வாங்கி வந்தார். அணையாத சுருட்டு என்பதால்தான் அது. அணைந்தால் அது சாமியின் வேலையாகத்தான் இருக்க முடியும் என்று எல்லாரும் நம்பினோம்.

பாதிதான் எரிந்தது. நண்பகல் வெயிலில் பூசாரி கன்னம் குழிய இழுக்க இழுக்க நெருப்பு கறுத்துக்கொண்டே போய் அணைந்துவிட்டது. மறுபடி பற்றவைத்தும் பிடிக்கவில்லை. சித்தப்பா அரசமரத்தடியில் அப்படியே குந்திவிட்டார். பிறகு எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமியே வேணான்னுருச்சு, நான் என்னத்தச் சொல்ல" என்று அழுதார். அப்பாவும் அழுதார். அதே வாரத்தில் அப்பாவும் சவரி மாமாவும் ஒன்றாகப் பதுளைக்குப் போய் இங்கேயே இருப்பதற்கு மனுப் போட்டு வந்தார்கள்.

சில வருடங்களில் சித்தப்பாவுக்குக் கப்பல் நாள் வந்தது. அவர்கள் காலி செய்த காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது, எனக்கு ஓராண்டு மட்டுமே இளையவளான சித்தப்பா மகள் பாக்கியம் கூட வராமல் நான் தனியாகப் பள்ளிக்கூடம் போனேன். துறையூரில் வேலை இல்லை என்று கோத்தகிரிக்குப் போய் மறுபடியும் தேயிலைதான் பறித்தார்களாம். மூன்றாவது கடிதம் சித்தி எழுதியது. சித்தப்பா காய்ச்சலில் போய்விட்டார், அடக்கம் முடிந்து ஒரு மாதமாகிறது என்று அதில் இருந்தது. அப்பா அந்தக் கடிதத்தை என்னை மூன்று தரம் படிக்கச் சொன்னார்.

அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. சவரி மாமாவுக்குக் கிடைக்கவில்லை. எங்கே பிறந்தார் என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை, கடைசியில் அவர் கைக்கு வந்தது இந்தியப் பாஸ்போர்ட். வழியனுப்ப அப்பாவோடு பதுளை ஸ்டேஷனுக்கு நானும் போனேன். மேடை முழுக்கக் கட்டிப்பிடித்து அழுகிற கூட்டம். சவரி மாமா அழவில்லை. அப்பாவைத் தூணோரம் கூப்பிட்டு, நான் நிற்பதையும் பாராமல் சொன்னார்.

"அண்ணே, அன்னிக்கி சாமிக்கு சுத்துன சுருட்டுல நடுவுல ஈர இலைய முடிச்சு வச்சு இறுக்கிட்டேன். அணையணும்னுதான் வச்சேன். ஒங்களவிட்டா எனக்கு இங்க யாரு இருந்தா? ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். ஆனா ஒங்ககிட்ட சொல்லாம கோச்சி ஏற முடியல."

அப்பா அவரை அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்க வேண்டும் என்றும் விரும்பினேன். அப்பா அவர் தோளில் கையை வைத்தார்.

"அன்னிக்கே தெரியும் சவரி. பத்து வருசமா ஒன் சுருட்ட குடிக்கிறவன் நான். ஒண்ணாவது அணைஞ்சிருக்கா? எனக்குப் போக மனசில்ல. தம்பி மொகத்தப் பாத்து வரலன்னு சொல்ல தைரியமும் இல்ல. நீ செஞ்சது எனக்குத் தோதாப் போச்சு. அந்தப் பாவத்த நீ சொமந்துக்கிட்டுப் போவாத, அது என்னோடது."

கோச்சி போய்விட்டது. லுணுகலை பஸ்ஸில் நான் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காராமல் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். சவரி மாமா கடைசியாகக் கொடுத்த சுருட்டுக் கட்டை அப்பா வாரத்துக்கு ஒன்றாக, அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடித்துத் தீர்த்தார். எப்படி மனது வந்தது என்று எனக்கு ஆத்திரமாக இருக்கும். அப்பா போய் இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது, இன்னும் அந்த ஆத்திரம் எனக்கு முழுதாகத் தணியவில்லை. அவர் பாவம் என்றும் தோன்றும்.

இப்போது பதுளையில் மகன் வீட்டில் இருக்கிறேன். அந்த லயம் மண்சரிவில் போய்விட்டது, லுணுகலையில் நானாவின் கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். சவரி மாமா அக்கரையில் எங்கே போனார், என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு போனில்தான் சென்ற மாதம் கோத்தகிரியிலிருந்து பாக்கியம் என்னைக் கண்டுபிடித்தாள். போன் திரையில் நாற்பது வருடங்களுக்கு மேல் பார்க்காத முகம், சித்தப்பாவின் நெற்றி அப்படியே. ரெண்டு பேரும் அழுது முடித்த பிறகு கேட்டாள்.

"அக்கா, எங்கப்பா சாகுறன்னிக்கும் சொன்னாரு. 'எங்கண்ணன் வந்திருப்பான், சாமிதான் விடல'ன்னு. நெசந்தானா?"

"நெசந்தான் பாக்கியம்" என்றேன். "நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."