ஐந்தாவது ஏன்

எனக்குப் பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார வராது. காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன். அப்படிப்பட்டவள் ஞாயிறுதோறும் படப்பையில் ஒரு மாடி வீட்டுக் கூடத்தில், புத்தர் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி உட்காரப் போனேன். காரணம் பக்தி இல்லை, கர்வம்தான். சாமி கும்பிடுவதை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் துக்கம் இருக்கிறது, அதற்கொரு காரணம் இருக்கிறது, காரணம் போனால் துக்கமும் போகும், அதற்கு வழியும் உண்டு என்று புத்தர் சொன்னதாக அங்கே கேட்டபோது, அட, இவர் நம்ம டிபார்ட்மெண்ட் ஆளாச்சே என்று துள்ளினேன்.

நான் ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பிரிவு இன்ஜினியர். சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். எங்கள் பிரிவில் நிரப்பிக் கொடுக்கவேண்டிய ஒரு பாரம், அதாவது படிவம், உண்டு. லைனில் எது தப்பாகப் போனாலும் 'ஏன்' என்று கேட்டு ஒரு பதில் எழுத வேண்டும். பிறகு அந்தப் பதிலைப் பார்த்து 'அது ஏன்' என்று கேட்க வேண்டும். இப்படி ஐந்து ஏன். ஐந்தாவதற்கு வரும் பதில்தான் மூல காரணம். புத்தர் செய்ததும் இதைத்தானே? டீ இடைவேளையில், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் லைன் ஆட்களைப் பிடித்துவைத்து இதைச் சொல்வேன். "திருஷ்டி, பரிகாரமெல்லாம் சும்மா. காரணத்தைக் கண்டுபிடி, எடுத்துப் போடு, சோலி முடிஞ்சது" என்பேன்.

மற்றவர்கள் நழுவிவிடுவார்கள். முழுதாகக் கேட்பவர் பிரஸ் ஓட்டும் அக்கா ஒருவர்தான். வல்லம் வடகால்காரர். காண்ட்ராக்டில் வந்து பத்து வருடம் ஆகிறது. தினமும் காலையில் மிஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். "நீங்க சொல்றது நல்லாதான் கீது மேடம். நான் கும்புட்டுக்கினா உங்களுக்கு இன்னா போச்சு?" என்று சிரிப்பார்.

ஆயுத பூஜைக்கு பிரஸ் லைனில் எல்லா ஏற்பாடும் அக்காதான். வாழைக்கன்று, பொரி, சுண்டல், சந்தனம், குங்குமம். அந்த வருடம் தட்டை என் முன்னால் நீட்டினார். "இந்தத் தபா நீங்க வைங்க மேடம். ஒன்னும் கொறஞ்சிட மாட்டீங்க." சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. என்னை வைத்துப் பொழுதுபோக்குகிறார்களே! சந்தனத்தை மூன்று விரலால் வழித்து, பக்கத்திலிருந்த மஞ்சள் கம்பத்தில் ஒரே அப்பாக அப்பி, அதன்மேல் குங்குமத்தையும் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அந்தக் கம்பம் என்ன என்று அந்த லைனில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. பிரஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பம். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடும். கை அதைத் தாண்டினால் மிஷின் அப்படியே நின்றுவிடும். கம்பத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. நான் எந்தப் பக்கம் அப்பினேன் என்று பார்க்கவே இல்லை.

இரண்டு நாள் லீவு முடிந்து காலையில் லைனை ஓட்டினால், பிரஸ் ஓடுவதும் நிற்பதுமாக மக்கர் பண்ணியது. சூபர்வைசர் டார்கெட் போய்விடும் என்று பதறி, மத்தியானம் ஆளைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று சாவியைத் திருப்பி அந்தக் கம்பத்துச் சென்சாரை அணைத்துவிட்டார். நான் மீட்டிங்கில் இருந்தேன். கை போனால் மிஷின் நிற்கும் என்று பத்து வருடம் பழகிய அக்கா, அணைத்தது தெரியாமல், சாய்ந்திருந்த தகட்டைச் சரிசெய்யக் கையை விட்டிருக்கிறார். நான் ஓடிவந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கை மோதிர விரலில் நுனிக் கணு இல்லை.

பாரம் என் மேஜைக்கு வந்தது. ஏன் அடிபட்டது? பிரஸ் இறங்கும்போது கை உள்ளே இருந்தது. பிரஸ் ஏன் நிற்கவில்லை? சென்சாரை அணைத்திருந்தார்கள். ஏன் அணைத்தார்கள்? மிஷின் அடிக்கடி நின்றது. ஏன் நின்றது? கண்ணாடியில் சந்தனம் காய்ந்திருந்தது. அது ஏன் அங்கே வந்தது?

நேரில் போய்ப் பார்த்தேன். மூன்று விரல் தடம் அப்படியே இருந்தது. என் விரல். திரும்பி வந்து, 'ஆபரேட்டர் ஏற்பாடு செய்த பூஜையின்போது பூசப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். சூபர்வைசருக்கு மெமோ கொடுத்தார்கள். அக்காவிடம், புண் ஆறினாலும் இனி வரவேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். தானே பூஜை போட்டுத் தானே இழுத்துக்கொண்ட வினையாம்.

அந்த ஞாயிறும் படப்பைக்குப் போனேன். எல்லாம் ஒன்றைச் சார்ந்து ஒன்று உண்டாகிறது, தனியாக 'நான்' என்று ஒன்று கிடையாது என்று அன்றைக்குப் பேசினார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டார்கெட் இல்லையென்றால் சாவியைத் திருப்பியிருக்க மாட்டார். அவர்கள் கைதட்டவில்லையென்றால் நான் அப்பியிருக்க மாட்டேன். 'நான்' என்பதே கிடையாது என்னும்போது யாரைக் குற்றம் சொல்வது? ஆகா, எவ்வளவு வசதி! சம்பளச் சீட்டு வாங்கும்போது மட்டும் 'நான்' முழுசாக இருந்தேனே. கால் ஆட்டம் நிற்கவில்லை. பாதியில் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வல்லம் வடகால் போனேன்.

அக்கா ஒற்றைக் கையால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். "வாங்க மேடம், இன்னா இவ்ளோ தூரம்?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் என்னென்னவோ உளறினேன். மருந்து, தையல், மனசைத் தளரவிடாதீங்க என்றெல்லாம். அக்கா குறுக்கே வந்தார்.

"மேடம், காரணத்த கண்டுபுடிக்கணும்னு சொல்லிக்கினே இருப்பீங்களே. கண்டுபுடிச்சிட்டீங்களா?"

நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

"தட்டு என் கையிலதான இருந்துச்சு. யாரு வெச்சதுன்னு எனக்குத் தெரியாதா? பத்து வருசமா வெக்கிறேன், அந்தக் கண்ணாடில ஒரு தபாகூட வெச்சதில்ல. அது மிஷினுக்குக் கண்ணு. சாமி செலைக்கே கண்ண மறைச்சு சந்தனம் பூச மாட்டோம்." கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். "அப்பவே தொடச்சிருப்பேன். நம்பாதவங்க மொத மொதல்ல வெச்ச பொட்டு, அதப் போயி எப்படித் தொடைக்கறதுன்னு வுட்டுட்டேன்."

நான் அழுதேன். "நான்தான்க்கா என் பேர எழுதாம விட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன். அவர் அழவில்லை. "வெரல் போனது போச்சு. வேல போச்சே மேடம், அதான் தாங்கல. பொண்ணு தண்டலம் காலேஜ்ல படிக்கிறா, இன்னும் ஒரு வருசம் கீது" என்றார்.

திங்கட்கிழமை பாரத்தை வாங்கி ஐந்தாவது வரியை அடித்துவிட்டு, 'நான் பார்க்காமல் வைத்தேன்' என்று எழுதினேன். மனம் அடங்கவில்லை. பாரத்தில் ஆறாவது ஏனுக்கு இடம் கிடையாது. ஓரத்தில் எழுதினேன்: 'ஏன் பார்க்கவில்லை? நம்பிக்கை இல்லாத காரியத்துக்குக் கவனமும் தேவையில்லை என்று நினைத்தேன்.' தரப் பிரிவு மேனேஜர் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "இதையெல்லாமா எழுதுவாங்க? ஆடிட்ல கேட்டா நான் என்னம்மா சொல்ல?" என்றார். "நடந்ததுன்னு சொல்லுங்க சார்" என்று கத்திவிட்டேன். எனக்கும் ஒரு மெமோ வந்தது. மேனேஜரையும் காண்ட்ராக்டரையும் மூன்று வாரம் நச்சரித்து ஒருவழியாக்கிய பிறகு அக்கா திரும்பி வந்தார். பிரஸ்ஸுக்கு இல்லை, பேக்கிங்குக்கு.

இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள் என்று பாரம் கடைசியில் கேட்கும். பூஜையை நிறுத்திவிடலாம் என்றார் மேனேஜர். நான் வேறு எழுதினேன். இப்போது எங்கள் பிரஸ்கள் ஒவ்வொன்றிலும், சென்சாருக்கு எட்டாத இடத்தில், பெயின்டில் ஒரு வட்டம் இருக்கிறது. பக்கத்தில் 'பொட்டு இங்கே' என்று ஸ்டிக்கர். ஆடிட்டுக்கு வந்தவர் சிரித்தாலும் பாஸ் பண்ணிவிட்டுப் போனார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அக்கா பேக்கிங்கிலிருந்து தட்டோடு வந்தார். குட்டையாகிப்போன விரல் தட்டின் விளிம்பில் எட்டியும் எட்டாமலும் இருந்தது. மறுபடி என்னிடம்தான் நீட்டினார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. சாமி இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் வட்டத்துக்குள் பார்த்துப் பார்த்து வைத்தேன். வைத்துவிட்டுப் போக மனமில்லை. பையிலிருந்த துணியை எடுத்துக்கொண்டு மஞ்சள் கம்பத்தருகே போய்க் குனிந்து கண்ணாடியைத் தேடினேன்.

"வாங்க மேடம், சுண்டல் சாப்புடலாம்" என்றார் அக்கா. "இந்தத் தபா நானே தொடச்சிட்டேன்."