ஆளில்லாக் கரையின் ஆள்

ஈர்க்குத் துடைப்பத்தை இரு கைகளாலும் பிடித்தபடி, காவல்காரர் பின்பக்கமாகவே நடந்துகொண்டிருக்கிறார். நேரம் காலை ஐந்து நாற்பது. குடிலின் படியிலிருந்து தாழம்புதர்வரை மணலில் பதிந்திருக்கும் காலடித் தடங்கள் யாவும் துடைபடுகின்றன, அவருடையவையும் சேர்த்து. ஆறு மணிக்குக் கதவைத் திறக்கும் விருந்தினர், உலகில் மனிதன் இன்னும் படைக்கப்படவில்லை என்று நம்பியாக வேண்டும். அதற்குத்தானே பணம் கட்டியிருக்கிறார்!

தீவின் இந்த மூலையில் மனித வாடையே கிடையாது என்கிறது விளம்பரம். தாழம்புதருக்குப் பின்னால் நாற்பதாவது அடியில் சமையலறை இருக்கிறது. அதையொட்டி, காவல்காரரும் அவர் மனைவியும் வாழும் ஒற்றை அறை. அதற்கப்பால் அறுபத்திரண்டு வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஓயாமல் சண்டையிடும் இரண்டு மளிகைக் கடைகள். காற்று எப்போதும் கடலிலிருந்தே வீசுவது அவர் செய்த புண்ணியம். மற்றபடி, இத்தனையையும் இல்லாமல் ஆக்குவது அவருடைய உத்தியோகம்.

படகோட்டி அவருக்கு 'ஆவி' என்று பெயர் வைத்திருக்கிறான். "என்ன ஆவி அண்ணே, இன்னிக்காவது யாரு கண்ணுலயாவது பட்டீங்களா?"

மனைவிக்கு அந்தப் பெயரில் முழுத் திருப்தி இல்லை. "ஆவியைக் கட்டியிருந்தாக்கூட அப்பப்பக் கண்ணுல பட்டிருக்கும்."

இவ்வாண்டு இதுவரை பதிவான புகார்கள் இரண்டு. முதலாவது, பக்கத்து வீட்டுச் சேவல், ஒரு பெருமாட்டியின் ஏகாந்தத்தில் குறுக்கிட்டது. இரண்டாவது, காவல்காரரின் தும்மல். சேவலை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தும்மலை அனுப்ப உறவினர் அகப்படவில்லை. முதலாளி தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை அங்க ஆள் இருக்குன்னு யாருக்காவது தெரிஞ்சுது, அறையைக் காலி பண்ணிட்டுக் கிளம்பிடுங்க."

இப்போதிருக்கும் விருந்தினர் பன்னிரண்டு நாள் தனிமைக்கு முன்பதிவு செய்தவர். முதல் நாள், இரு கைகளையும் விரித்து, "அப்பாடா!" என்று கடலுக்கு அறிவித்தார். மூன்றாம் நாள் நண்டுகளுக்குப் பெயரிட்டார். ஐந்தாம் நாள் சுவர்ப் பல்லியிடம் குடும்ப நலம் விசாரித்தார். பதில் திருப்தியளிக்கவில்லை போலும். அன்றிலிருந்து, அவர் பார்க்காத வேளையில் படியில் வைக்கப்படும் உணவுத் தட்டு தொடப்படாமலே திரும்பி வருகிறது.

ஏழாம் நாள் மதியம் முதலாளி அழைத்தார். "விருந்தாளி எப்படி இருக்காரு?"

"சத்தமே இல்லைங்க."

"பிரமாதம்! அதுக்குத்தானே வந்திருக்காரு."

திரும்பி வந்த தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டு மனைவி எதிரே வந்து நின்றாள். "ரெண்டு நாளா ஒரு பருக்கை உள்ள போகலை. போய் நாலு வார்த்தை பேசுங்களேன்."

"பேசினா வீடு போயிடும்டி."

"பேசலைன்னா ஆளு போயிடுவாரு."

அப்போதுதான் குடிலின் படியிலிருந்து குரல் கேட்டது. "யாராவது இருக்கீங்களா?" காவல்காரர் ஓடிப்போய்ப் புதருக்குள் பதுங்கி மூச்சை அடக்கிக்கொண்டார்; அதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு. இரண்டாம் முறை குரல் உயர்ந்தது. மூன்றாம் முறை உடைந்தது. "ஒருத்தராவது..."

மனைவி இரண்டு குவளைத் தேநீரைக் கொண்டுவந்து அவர் கைகளில் திணித்தாள். அவர் ஒருமுறை தங்கள் அறையின் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு புதரை விலக்கிக்கொண்டு பட்டப்பகல் வெயிலில் நடந்தார்.

விருந்தினர் எழுந்து நின்றார். கன்னங்கள் ஈரமாக இருந்தன. "நீங்க... எப்ப வந்தீங்க?"

"பதினோரு வருஷம் ஆச்சுங்க."

ஒரு குவளையை நீட்டிவிட்டுக் காவல்காரர் படியில் அமர்ந்தார். தம் குவளையை உதட்டில் வைத்து, கரை முழுவதற்கும் கேட்கும்படி, சர்ரென்று ஒரு மிடறு உறிஞ்சினார்.