ஆளுநருக்குப் போட்ட புகை

சாமோஸ் தீவில் அந்தூசா யாரோடு பேசினாலும் அவள் கண் மட்டும் கடலில்தான் இருக்கும். பல வருடப் பழக்கம். பாவமன்னிப்புக் கேட்கும்போதும் அப்படித்தான். ஆயர் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கிரீட் தீவுக் கொள்ளையர் வந்தால் மலையுச்சியில் ஈர விறகு போட்டுப் புகை எழுப்புவது அவள் கணவன் பர்தாஸின் வேலை. அவனைத் துடுப்புப் போடக் கப்பற்படைக்குப் பிடித்துக்கொண்டு போனதும் அது இவள் தலையில் விழுந்தது.

மாகாணத்துக்கே சாமோஸ் என்றுதான் பெயர். ஆனால் ஆளுநர் குடியிருந்ததோ எதிர்க்கரையில், ஸ்மிர்னாவில். பதினெட்டு வருடமாக எந்த ஆளுநரும் தீவில் கால் வைக்கவில்லை. அதனால் ஒருநாள் காலை ஏழு போர்க்கப்பல்கள் துறைமுகத்தை நோக்கித் திரும்பியபோது, கொள்ளையர்தான் என்று அந்தூசா முடிவு செய்தாள். வேறு யார் இங்கே வரப்போகிறார்கள்?

புகை எழுந்தது. ஊர் மலையேறியது. முதலில் ஏறியவர் ஆயர்.

வந்தவர் ஆளுநர். முழங்கால் வலி தீரத் தீவுக் கோயிலில் இருந்த புனிதரின் எலும்பை முத்தமிட வந்தவரை, காலி ஊரில் ஒரு ஆடுதான் வரவேற்றது.

மதியத்துக்குள் வீரர்கள் எல்லாரையும் கீழே இறக்கினார்கள்.

"எவன்டா புகை போட்டது? மூக்கை அறுங்க!" என்றார் ஆளுநர். ஊரே ஒற்றுமையாக அந்தூசாவைக் காட்டியது.

கப்பலில் நின்ற பர்தாஸ் தலையில் அடித்துக்கொண்டான். "அடிப்பாவி, புருஷன் வர்ற கப்பல்கூடவா அடையாளம் தெரியல?"

"உன் மூஞ்சி தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு கட்டை சேர்த்துப் போட்டிருப்பேன்யா!"

வீரர்கள் சிரித்தார்கள். கத்தி மட்டும் சிரிக்கவில்லை.

அந்தூசா ஆயரின் கழுதையைப் பார்த்தாள். அதன் முதுகில் இரண்டு பாலாடைக்கட்டிப் பானைகள். புனிதரின் எலும்புப் பேழை கோயிலிலேயே கிடந்தது.

"சாமி, ஆளுநர் ஐயாவைத் தனியாப் பார்க்கணும், ஊரை மேல அனுப்புன்னு புனிதர் உங்க கனவுல வந்து சொன்னாரே, அதைச் சொல்லுங்க. இல்லன்னா புனிதரை விட்டுட்டுப் பாலாடைக்கட்டியோட ஓடினீங்கன்னு ஐயா தப்பா நினைச்சுக்குவாரு."

அப்படி ஒரு கனவை ஆயர் கண்டதே இல்லை. கழுதையைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார்.

"ஆமா மகளே... நான்தான் புகை போடச் சொன்னேன்."

புனிதரே தன்னைத் தனியாகப் பார்க்க ஆசைப்பட்டாராம்! ஆளுநருக்கு முகமெல்லாம் பூரிப்பு. கத்தி உறைக்குள் போனது. முழங்கால் வலி போனதா என்று யாரும் கேட்கவில்லை.

அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் ஆயர் முன்னால் நடக்க ஊரே மலையேறுகிறது. அதற்குத் திருவிழா என்று பெயர். ஆளுநர் மறுபடி வரவில்லை. அந்தூசா மூக்கோடு இருக்கிறாள், புகை போடும் வேலையும் அவளிடமே இருக்கிறது.