எட்ட நின்றவள்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளையில் சாமான் அடுக்குகிற பூங்கோதை, வேலை முடிந்த அலுப்போடுதான் தீயணைப்பு நிலையத்தில் நடந்த தன்னார்வலர் பயிற்சிக்குப் போய்வந்தாள். கேட்பாரற்ற பையைத் தொடாதீர்கள், ரசாயனம் கசிந்தால் கிட்டே போகாதீர்கள், ஆட்களை விலக்கிவிட்டுத் தகவல் சொல்லுங்கள் என்று தீயணைப்பு அதிகாரி திரும்பத் திரும்பச் சொன்னார். பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஆசிட் லாரி கவிழ்ந்தது. வெள்ளைப் புகைக்குள் டிரைவர் கிடந்து முனகினான். பஸ்ஸிலிருந்து இறங்கிய பூங்கோதை தீயணைப்புக்குப் போன் செய்தாள். புகை அடிக்கும் பக்கம் நின்றவர்களை எதிர்ப்பக்கம் விரட்டிவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் கைகளை விரித்து நின்றாள்.

"ஒரு உசுரு கிடக்குது, வழிய வுடும்மா!" என்று டீக்கடை ஜெயராஜ் கத்தினார்.

"போனீங்கன்னா நீங்களும் வுழுந்துடுவீங்கண்ணே. முகமூடியோட வர்றாங்க, இருங்க."

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

முனகல் நின்றுபோனது. ஓடிப்போய்த் தூக்கிவிடலாமா என்று அவளுக்கும் பதறியது. ஆனாலும் நகரவில்லை.

தீயணைப்பு வீரர்கள் வந்துதான் டிரைவரைத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து அவன் பிழைத்தான். வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இருந்தும் டீக்கடையைத் தாண்டும்போதெல்லாம், "வேடிக்கை பாத்தவ போறா" என்ற பேச்சு அவள் காதில் விழும். நிற்காமல் நடந்துவிடுவாள்.

அடுத்த பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். "வரேன் சார்" என்று மட்டும் சொன்னாள்.