கஸ்பார் கொண்டு போன மூணு பாட்டில்

தீவுல, டாலிகஞ்ச் பக்கம் போட் எஞ்சின் மக்கர் பண்ணுச்சுன்னா எல்லாரும் கூப்புடுறது ஒரே ஆளத்தான். கஸ்பாரு. நடுக்கடல்ல நின்னுபோன எஞ்சினக்கூட கரையில நின்னு ரெண்டு கெட்ட வார்த்த திட்டியே ஸ்டார்ட் பண்ணிருவாருன்னு ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். ஒரு கெட்ட வார்த்தையே போதும் அவருக்கு.

ஆளுக்கு அம்பத்திரண்டு வயசு. அப்பா மணப்பாட்டுல இருந்து கப்பலேறி வந்தவரு. இவரு பொறந்தது வளந்தது எல்லாம் தீவுலதான். மெயின்லேண்டுக்குப் போனது மொத்தம் நாலே தடவ, நாலு தடவையும் கப்பல் பூரா வாந்தி. போட் எஞ்சினுக்கு டாக்டரு, போட்ல ஏறிட்டா பேஷண்டு.

கை தங்கம். வாய்தான் தகரம், சும்மா காத்தடிச்சாலே சத்தம் போடும். வாயக்கூட மூடிரலாம், மூஞ்சிய என்ன செய்ய? மனசுல இருக்கறது அப்படியே மூஞ்சில ஓடும், கப்பல் டிக்கெட் ஆபீஸ் போர்டு மாதிரி. ஒரு கல்யாண வீட்டுல பிரியாணில உப்பு கூடிப்போச்சு. இவரு மூஞ்சியப் பாத்த சமையக்காரன் எவன்கிட்டயும் ஒரு வார்த்த கேக்கல, அடுத்த அண்டாவுக்கு அரிசி கழுவப் போயிட்டான்.

இந்த வாயும் மூஞ்சியும் சேந்துதான் ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு குடும்பத்தையே ரெண்டாக்கிருச்சு.

கஸ்பாருக்கு ஒரே தங்கச்சி, ஆக்சிலியா. வண்டூர்ல இருக்கா. டயானான்னு ஒரு மக. அவ புருசன் டெர்வினு, சொந்தமா ஒரு டிங்கிப் படகு வச்சு மீன் புடிக்கிறவரு. அதிகம் பேசாத மனுசன். ஒரு கிறிஸ்மஸுக்கு மொத மொதலா தன் கையால திராட்ச வைன் போட்டு, சாமியாரையும் வச்சிக்கிட்டு, முப்பது பேரு நடுவுல, பெருமையா மொத கிளாஸ மச்சான்கிட்ட நீட்டுனாரு. கஸ்பாரு ஒரு மடக்கு குடிச்சாரு. மூஞ்சி கசக்குன காயிதம் ஆச்சு. அதோட விட்டாரா?

"மாப்ள, இத ரேடியேட்டர்ல ஊத்துனா வண்டி கல்கத்தா வரைக்கும் கடல் மேலயே ஓடும் போல!"

முப்பது பேரும் சிரிச்சாங்க. சாமியாரு கூட சிலுவ போட்டுக்கிட்டே சிரிச்சாரு. மறுநாள்ல இருந்து வண்டூர் ஜெட்டில டெர்வினுக்குப் பேரே 'ரேடியேட்டர்' ஆயிப்போச்சு. மீன் வாங்க வர்ற பெங்காலி கூட "ஏ ரேடியேட்டர் பாய், மச்லி ஹை க்யா?"ன்னு கேக்குறான். அன்னைக்கு மூடுன வாய டெர்வினு மச்சான்கிட்ட தொறக்கவே இல்ல. கஸ்பாரும் வீம்பு புடிச்சவரு, போகல. நடுவுல ஆக்சிலியா மட்டும் யாருக்கும் தெரியாம அண்ணனுக்கு போன் போட்டு அழுவா.

இப்படி ரெண்டு வருசம் ஓடிப்போச்சு. ஒரு வியாழக்கிழம காலைல அவ போன் வந்துச்சு.

"அண்ணே, டயானாவுக்கு மாப்ள அமைஞ்சிருச்சு. ஷாதிபூர்ப் பையன், ராபின்னு பேரு. வர்ற ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு நிச்சயம். நீ பாட்டிலோட வரணும்."

பாட்டில்னு அவ சொன்னது சும்மா இல்ல. ஏன்னா அவுக குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு. பொண்ணுக்கு நிச்சயம்னா தாய்மாமன் வைன் கொண்டு வரணும். அதுவும் கடைச்சரக்கு இல்ல, வீட்டு வைனு. அதுல மொத கிளாஸ அவரே ஊத்தி மாப்பிள்ளையோட அப்பா கையில குடுக்கணும். அப்புறந்தான் மோதிரமே வெளிய வரும்.

"உன் புருசன் என்னய உள்ள விடுவாரா?"

"அவுக ஒண்ணும் சொல்லல. 'உங்க அண்ணன் வரலன்னா என் தம்பி ஊத்தட்டும்'னு மட்டும் சொன்னாவ."

போன வச்சிட்டு கஸ்பாரு ஒரு எஞ்சின் மேல உக்காந்துட்டாரு. டயானா அவரு தூக்கி வளத்த புள்ள. அவ நிச்சயத்துக்கு இன்னொருத்தன் கிளாஸ் ஊத்துனா, இனி சாவுற வரைக்கும் வண்டூர் பக்கம் தல காட்ட முடியாது.

வீட்டு ஜாடியில பழைய வைன் ஒரு சொட்டு இல்ல. ஈஸ்டருக்கே நக்கித் தீத்தாச்சு. அன்னைக்கு சாயங்காலமே அபர்டீன் பஜாருக்கு ஓடி, மெயின்லேண்டுல இருந்து வந்த திராட்சைய வாங்கிட்டு வந்து, சீனி, ஈஸ்ட்டு, ஒரு புடி கோதுமை, கிராம்பு எல்லாம் போட்டு ஜாடிய மூடுனாரு. இருபத்தோரு நாள் கெடக்கணும். இவருக்கு இருந்தது ஒம்போது நாளு.

ஒம்போதாவது நாள் வடிகட்டி மூணு பாட்டில்ல ஊத்துறப்பவே வைனு கொசுகொசுன்னு நொரச்சிக்கிட்டு இருந்துச்சு. அவரு பொண்டாட்டி அமுதம் எட்டிப் பாத்தா.

"ஏங்க, இது இன்னும் உசுரோட இருக்கு. லூசா மூடுங்க."

"லூசா மூடுனா ரோட்டுல சிந்திரும்டி. நான் மூடுன எஞ்சின்லயே ஒரு சொட்டு ஆயிலு வெளிய வந்ததில்ல, இந்த வைனு வந்துருமா?"

கார்க்க சுத்தியல் வச்சு அடிச்சு எறக்குனாரு. மேல எஞ்சினுக்குப் போடுற கேஸ்கட் பேஸ்ட்ட அப்பி, கம்பியப் போட்டு முறுக்குனாரு. அந்த மூடிய தொறக்கணும்னா நேவிக்காரந்தான் வரணும்.

சனிக்கிழம காலைல மாருதி வேன் கெளம்புச்சு. வண்டூரு என்ன, இருபத்தஞ்சு முப்பது கிலோமீட்டரு. மனுசன் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள போயிரலாம். ஆனா பின்னால பாட்டிலு இருக்குன்னு கஸ்பாரு ஓட்டுன ஓட்டத்துல, கராச்சர்மாவுல ஒரு பசுமாடு இவங்கள ஓவர்டேக் பண்ணிச்சு. திரும்பி ஒரு பார்வையும் பாத்துச்சு.

முன் சீட்டுல அமுதம் வேற ஒரு பாட்டில மடியில வச்சிருந்தா. நோனி ஜூஸு. உடம்புக்கு நல்லதுன்னு தீவு பூரா விக்கிறாங்க, வாட பழைய காலுறைய ஊறவச்ச தண்ணி மாதிரி இருக்கும்.

"இது எதுக்கு?"

"உங்க மூஞ்சிக்கு டிரெயினிங். உங்க மாப்ள டெர்வின் இன்னைக்கு எத ஊத்திக் குடுத்தாலும் நீங்க 'ஆஹா'ன்னு சொல்லணும். சொல்றது மட்டும் இல்ல, மூஞ்சியும் சொல்லணும். ஆ காட்டுங்க."

ஒரு மூடி ஊத்துனா. கஸ்பாரு முழுங்குனாரு. "ஆ...ஹா."

"ஆஹாவா அது? பல்லு புடுங்குனவன் மாதிரி இருக்கு. கண்ணு எங்க போச்சு? கண்ணத் தொறங்க."

ரெண்டாவது மூடி. கண்ணத் தொறந்தாரு, தண்ணி கொட்டுச்சு.

"அழக்கூடாது. சிரிக்கணும்."

"அமுதம், இதுக்கு அந்தாளு கால்ல விழுந்துருதேன். அது சுளுவு."

மூணாவது மூடி வாய்க்குப் போற நேரம் பாத்து, மங்லூட்டன் தாண்டி ஒரு பள்ளத்துல வேன் எறங்கி ஏறுச்சு.

டமார்!

"ஏசுவே!"ன்னு அமுதம் கத்துனா. கஸ்பாரு பிரேக் அடிச்சு எறங்கி, நாலு டயரையும் ஒதச்சிப் பாத்தாரு. எல்லாம் கல்லு மாதிரி இருந்துச்சு. ஸ்டெப்னியையும் ஒதச்சாரு. அதும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்பத்தான் பின் கதவு இடுக்குல இருந்து செவப்பா ஒழுக ஆரம்பிச்சுது.

டமார்! ரெண்டாவது.

பக்கத்துல பெட்டிக்கட வச்சிருந்த பெங்காலி, குண்டுதான் வெடிக்குதுன்னு பெஞ்சுக்கு அடியில பூந்தவன், தலைய நீட்டுனான். "தாதா, பம் ஹை க்யா?"

"பம் நஹி பாய், வைன் ஹை!"

சாக்குக்குள்ள மூணாவது பாட்டிலு மட்டும் தனியா நின்னு உறுமிக்கிட்டு இருந்துச்சு. டயானா கல்யாணமே அதுக்குள்ளதான் இருக்குன்னு கஸ்பாரு அத மெதுவா எடுத்தாரு. பச்சப்புள்ளயத் தூக்குற மாதிரி நெஞ்சோட அணச்சி, ஸ்க்ரூடிரைவரால கம்பியத் தொட்டாரு. தொட்டாரு, அவ்வளவுதான். கார்க்கு போன போக்குக்கு ரட்லாண்டு தீவுல எறங்கியிருக்கும். வைனு மொத்தமும் அவரு மேல. தல, மீச, நிச்சயத்துக்குன்னு வாங்கி மொத நாளே மாட்டிக்கிட்ட வெள்ளச் சட்ட, ஒண்ணு பாக்கியில்ல. பாட்டில்ல மிச்சம் இருந்தது நொர மட்டுந்தான்.

அமுதத்துக்கு சிரிக்கவா அழுவவான்னு தெரியல. கஸ்பாரு வாயத் தொறக்கல. அவரு வாயத் தொறக்காம நின்னது அவ கல்யாணம் ஆயி இருபத்தேழு வருசத்துல இதான் மொத தடவ.

"திரும்பிருவமா?"ன்னு கேட்டாரு கடைசியா.

"எங்க திரும்ப? வெறும் கையோட போயி நில்லுங்க. திட்டுனா வாங்கிக்குங்க. புள்ளயப் பாத்துட்டாவது வருவோம்."

வண்டூர் போய்ச் சேரும்போது வெயிலு உச்சிக்கு ஏறியிருந்துச்சு. வாசல்ல டெர்வினு வல பிரிச்சிக்கிட்டு இருந்தாரு. வேனப் பாத்ததும் முதுகக் காட்டி உக்காந்துட்டாரு. சமையக்கட்டுல இருந்து ஓடி வந்த ஆக்சிலியா, எறங்கி நின்ன அண்ணனப் பாத்து வீல்னு அலறுனா.

"ஐயோ, அண்ணே! ரத்தம்!"

டெர்வினு திரும்புனாரு. தலையில இருந்து இடுப்பு வரைக்கும் செவப்பா நிக்கிற மச்சானப் பாத்தாரு. வல ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் பறக்க, ஒரே பாய்ச்சல்ல வந்து கஸ்பார ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டாரு.

"மச்சான்! எங்க அடிபட்டுச்சு? தலையா? நெஞ்சா? சாயுங்க, என் மேல சாயுங்க! டயானா, தண்ணி கொண்டா! வண்டி எடுக்கேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம்!"

ரெண்டு வருசமா சேத்து வச்ச பேச்சு மொத்தமும் ஒரே மூச்சுல கொட்டுது. கஸ்பாரு பாவம், அவரு தோள்ல நல்லா சாஞ்சிக்கிட்டாரு. எங்க உண்மையச் சொன்னா விட்டுருவாரோன்னு பயம். ஆனா டெர்வினு மூக்கு மீனவன் மூக்குல்லா? நின்னுச்சு. இழுத்துப் பாத்துச்சு.

"மச்சான், ரத்தத்துல கிராம்பு வாட அடிக்கி."

"அது... நிச்சயத்துக்குக் கொண்டு வந்த வைனு மாப்ள."

"எல்லாமா?"

"மூணு பாட்டிலும். கேஸ்கட் பேஸ்ட்டு போட்டு மூடுனேன்."

தண்ணிச் செம்போட வந்த டயானா மொதல்ல சிரிச்சா. அப்புறம் ஆக்சிலியா. அமுதம் வேனுக்குள்ளயே வயித்தப் புடிச்சிக்கிட்டா. டெர்வினு கையை எடுத்துட்டு வெறைப்பா நிக்கத்தான் பாத்தாரு. ஆனா ஏற்கெனவே பேசித் தொலச்சாச்சு, பேசுன பேச்ச வலையப் போட்டா திரும்ப இழுக்க முடியும்?

"குளிச்சிட்டு வாங்க. சோறு ஆறிப்போவும்"னாரு.

சோறுன்னா சாதாரண சோறா? நண்டுக் குழம்பு ஒரு சட்டி, தேங்காப்பால் ஊத்துன சூர மீன் ஒரு சட்டி, வறுத்த எறா ஒரு மலை. கஸ்பாரு டெர்வினோட லுங்கியக் கட்டிக்கிட்டு உக்காந்தாரு. ஆனா நண்டு உள்ள எறங்கல. நாளைக்கு கிளாஸ்ல ஊத்த என்ன இருக்கு? அத யாரும் பேசல, எல்லாருக்கும் அதான் நெனப்பு.

பாதிச் சாப்பாட்டுல டெர்வினு எழுந்திரிச்சு உள்ள போனாரு. பழைய வலத்துண்டுல சுத்துன ஒரு பாட்டிலோட வந்தாரு. ஒரு சின்ன கிளாஸ்ல ஊத்தி, கஸ்பாரு முன்னால வச்சாரு.

நண்டு ஓடு ஒடைக்கிற சத்தம் நின்னுபோச்சு. அமுதம் கண்ணாலயே மெரட்டுறா: கண்ணு, கண்ணத் தொறங்க! கஸ்பாரு மனசுக்குள்ள நோனி ஜூஸ நெனச்சிக்கிட்டு, சிரிப்ப முன்கூட்டியே மூஞ்சில மாட்டிக்கிட்டு, ஒரு மடக்கு குடிச்சாரு.

மாட்டுன சிரிப்பு கழண்டு விழுந்துச்சு. ஆக்சிலியா நெஞ்சுல கைய வச்சா.

கஸ்பாரு இன்னொரு மடக்கு குடிச்சாரு. அப்புறம் மூஞ்சி விரிஞ்சுச்சு பாருங்க, காலைல கடலு விடியுற மாதிரி. கிளாஸ கவுத்தி கடைசிச் சொட்டையும் நாக்குல தட்டுனாரு.

"மாப்ள, என்னது இது! தேனா, திராட்சையா? எந்தக் கப்பல்ல வந்துச்சு?"

"எந்தக் கப்பல்லயும் வரல"னாரு டெர்வினு. "அதே வைனுதான். ரேடியேட்டர்."

"என்ன?"

"அன்னைக்குப் போட்டது. கோவத்துல கட்டிலுக்கு அடியில தள்ளி விட்டேன். ரெண்டு வருசம் தொடல. போன வாரம் கொட்டிரலாம்னு தொறந்தேன், வீடே மணந்துச்சு. அன்னைக்கு நானும் அவசரப்பட்டுட்டேன் மச்சான். பதினோராவது நாளே வடிச்சிட்டேன்."

"நான் ஒம்போதாவது நாளு"னாரு கஸ்பாரு. அப்புறம் தலையக் குனிஞ்சி, நண்டுக் குழம்பப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "நீ அவசரமா வடிச்ச. நான் அவசரமா வாயத் தொறந்தேன். மன்னிச்சிரு மாப்ள. நாளைக்கு உன் தம்பியே ஊத்தட்டும். தாய்மாமன் வைன் என்கிட்ட இல்ல."

டெர்வினு ஒரு நண்டுக் கால எடுத்து மச்சான் தட்டுல வச்சாரு.

"நீங்க அன்னைக்கு அப்படிச் சொல்லலன்னா அந்த முப்பது பேரும் அன்னைக்கே குடிச்சுத் தீத்துருப்பானுவ. உங்க வாயாலதான் இது மிஞ்சுச்சு. அப்ப பாதி உங்க வைனுதான. பாதிய நீங்க ஊத்துங்க, மிச்சப் பாதி தானா வரும்."

அதுக்கப்புறம் கஸ்பாரு சாப்புட்ட சாப்பாட்டுக்கு, வண்டூர்க் கடல்ல நண்டு இன்னும் ஒரு மாசத்துக்குப் பயந்து கரைக்கு வராது.

ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு நிச்சயம் நடந்துச்சு. கஸ்பாரு டெர்வினோட சட்டைய இறுக்கமாப் போட்டுக்கிட்டு, மொத கிளாஸ ஊத்தி ராபினோட அப்பா கையில குடுத்தாரு. அந்த மனுசன் குடிச்சாரு, கண்ண மூடுனாரு, தொறக்கவே இல்ல. மயக்கமோன்னு எல்லாரும் பயந்துட்டாங்க.

"சம்பந்தி, இது எப்படிப் போடுறது? எனக்குச் சொல்லியே ஆவணும்"னாரு.

கஸ்பாரு டெர்வினப் பாத்தாரு. "திராட்ச, சீனி எல்லாம் எல்லாரும் போடுறதுதான். ஆனா மூடி வச்சிட்டு ரெண்டு வருசம் மச்சானும் மாப்ளையும் பேசாம இருக்கணும். அதான் கொஞ்சம் கஷ்டம்."

டெர்வினு அன்னைக்கு சிரிச்ச சிரிப்புல ஜெட்டில கட்டியிருந்த டிங்கி எல்லாம் ஆடுச்சு.

சாயங்காலம் வேன் திரும்பும்போது நெஞ்சுல இருந்து ஒரு எஞ்சினயே எறக்கி வச்ச மாதிரி கஸ்பாரு பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டுனாரு. கராச்சர்மாவுல அந்தப் பசுமாட்ட ஹாரன் அடிச்சு ஓவர்டேக் பண்ணுனாரு.

"ஏங்க, நோனி ஜூஸு முக்கால் பாட்டில் மிச்சம் இருக்கு"ன்னா அமுதம்.

"வீட்டுக்குப் போனதும் எடு. அதுக்கு நல்லா கேஸ்கட் பேஸ்ட்டு போட்டு மூடித் தாரேன்."