வெள்ளிக்கிழமைப் பொட்டு

பாகூர்ப் பண்ணையாருக்குக் கப்பலில் வந்திறங்கிய, இரண்டு பேர் மட்டும் உட்காரும் பந்தயக் காருக்கு டிரைவர் அவர். காக்கிச் சட்டை, காதில் கடுக்கன். வெள்ளிதோறும் இன்ஜின் மூடியைத் திறந்து ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பார். அன்றைக்கெல்லாம் வண்டி கொஞ்ச தூரம் திணறும், சூடேறியதும் சரியாகிவிடும்.

ஒரு வெள்ளியன்று புதுச்சேரி போக என்னையும் ஏற்றிக்கொண்டார். இன்ஜின் சூடேறுமுன்பே ஏரிக்கரையில் வண்டி நின்றேவிட்டது.

"இன்னொரு தபா நின்னா வித்துடுவேன்னு மொதலாளி சொல்லிட்டாருயா" என்றபடி மூடியைத் திறந்து பிளக்கைத் தொட்டார். விரலில் ஈரச் சந்தனம் ஒட்டியது. எல்லாவற்றையும் துண்டால் துடைத்ததும் இன்ஜின் சீராக ஓடியது.

"நான் வச்ச ஈரப் பொட்டு வழியாதான்யா கரண்ட் ஒழுகிப் போய்க்கினு இருந்துகீது."

அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தை ஹாரனில் பொட்டாக வைத்தார். ஆளே இல்லாத ஏரிக்கரையில் அதை ஒருமுறை மெல்ல அழுத்தினார். "இனிமே பொட்டு இதுக்கு மட்டும்தான்யா" என்று வண்டியை எடுத்தார்.