எல்லார் கையிலும் பஞ்சு

றஞ்சிதா தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில் பிறந்து, பள்ளிக்கூட வயதில் பெற்றோரோடு மன்னாருக்குத் திரும்பியவர். தாதியாகப் படித்து, இப்போது மன்னார்த் தீவிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியின் காய்ச்சல் ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறார். பிரிவு என்றால் ஒரு சின்ன அறை, ஒரு திரைச்சீலை, ஒரு குளிர்பெட்டி, அவர். பொறுப்பாக டொக்டர் ஜெகதீபன்.

நாட்டின் பல பக்கங்களிலுள்ள ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்தும் ஆய்வு அது. மாரியில் வரும் காய்ச்சல்களில் எது எலிக்காய்ச்சல், எது வேறு, எந்த மருந்தை எப்போது தொடங்கினால் சிறுநீரகம் தப்பும் என்று தேடுகிறார்கள். ஓர் ஆஸ்பத்திரி தன் கட்டில்களில் கிடப்பவர்களை மட்டும் பார்த்துச் சொல்லும் பதில் பெரும்பாலும் ஊகம். எல்லா ஊரிலும் ஒரே கேள்வியை ஒரே விதமாகக் கேட்டு, விடைகளை ஒன்றாக வைத்தால் அதை அறிவு என்று சொல்லத் துணியலாம்.

அதற்கு நோயாளிகள் சுகமான பிறகும் ஒருமுறை வந்து இரத்தம் கொடுக்கவேண்டும். காய்ச்சலின்போது எடுத்ததோடு அதை ஒப்பிட்டால்தான் வந்த நோய் எது என்று உறுதியாகும். மன்னாரில் இரண்டாம் முறை ஆள் வருவதில்லை. சுகமான மீனவனுக்குக் கடல் இருக்கிறது. ஆய்வு ஆஸ்பத்திரிகளின் அடுத்த கூட்டத்துக்குள் எண்ணிக்கை கூடாவிட்டால் மன்னாரை ஆய்விலிருந்து விலக்கவேண்டி வரும் என்று சொல்லிவிட்டார்கள். விலக்கினால் இங்குள்ள காய்ச்சலைப் பற்றி வேறு ஊர்களின் இரத்தம்தான் பேசும்.

அந்த மாரியில், சிலாவத்துறைப் பக்கம் கரையில் வாடிக் குடிசை போட்டுத் தங்கி, கீரிமீன் பிடித்துக்கொண்டிருந்த தொழிலாளர் பலர் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார்கள். படகும் வலையும் அவர்களின் முதலாளி சந்தியோகு சம்மாட்டியுடையவை. அவருக்கும் கடும் காய்ச்சல். எல்லோரும் தப்பினார்கள். இரண்டாம் இரத்தத்துக்கு வருவார்களா என்று றஞ்சிதா கேட்டபோது சம்மாட்டி சிரித்தார்.

“நான் சொன்னா வராம எங்க போறது? என்ர ஆக்கள், பிள்ளை.”

சொன்னபடியே ஒரு காலையில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டி நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். டொக்டருக்கு முகமெல்லாம் பல். “மிஸ், நாங்கள் தப்பினம்!”

முதலில் றொசாந்தன் என்ற இளைஞன் வந்து கதிரையில் இருந்து கையை நீட்டினான்.

“உங்களுக்கு விருப்பம்தானே?” என்று றஞ்சிதா கேட்டார்.

“சம்மாட்டி சொல்லிட்டார்தானே, மிஸ்.”

“அவரின்ர விருப்பம் தெரியும். உங்கடையைக் கேக்கிறன்.”

அவன் திரைச்சீலையைப் பார்த்தான். “ரத்தம் எடுத்தா வலை இழுக்கப் பெலன் இராதெண்டு ஆக்கள் சொல்லுறவை. ஆனா மாட்டன் எண்டா நாளைக்குப் படகில ஏத்துவாரோ?”

எடுப்பது கொஞ்சம்தான், பெலன் குறையாது, வேண்டாம் என்றாலும் இங்கே வைத்தியம் குறையாது என்று அவர் விளங்கப்படுத்தினார். அவன் யோசித்துவிட்டு, “அப்ப வேண்டாம்” என்றான்.

றஞ்சிதா ஊசியைக் குத்தாமல் மேசையில் வைத்துவிட்டு, அவன் முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்துப் பிளாஸ்டர் ஒட்டினார். “கையை மடிச்சுக்கொண்டு போங்கோ.”

“கள்ளப் பஞ்சு!”

“நல்ல பஞ்சுதான். போங்கோ.”

அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் தனியே கேட்டார். சிலர் கொடுத்தார்கள், சிலர் மறுத்தார்கள். எல்லோரும் பஞ்சோடு கையை மடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அந்தப் பஞ்சு ஒரு பொய் என்று வாதிடலாம். இதைக் கேள்விப்பட்ட நானும் கொஞ்சக் காலம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மாட்டேன் என்று சொன்னால் பிழைப்புப் போகும் என்று பயப்படுகிறவனுக்கு, அதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை ஒரு துண்டுப் பஞ்சால் உண்டாக்கியவரை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

விறாந்தையில் சம்மாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியளோ டொக்டர், ஒருத்தனும் பின்வாங்கேல்லை!”

கடைசியாக அவர் உள்ளே வந்தார். திரைச்சீலையைத் தானே இழுத்து மூடினார். ஊசியைக் கண்டதும் அந்தப் பெரிய உடம்பு கதிரைக்குள் சுருங்கியது.

“பிள்ளை, முந்தி நீ குத்தினது காய்ச்சலுக்க எனக்குத் தெரியேல்லை. இப்ப அறிவோட இருக்கிறன்.” குரலைத் தாழ்த்தினார். “பஞ்சை மட்டும் ஒட்டிவிட ஏலாதோ? அவங்களுக்குச் சொல்லிப்போடாத.”

“ஒட்டலாம், ஐயா.”

றஞ்சிதா சிரிக்காமல் ஒட்டினார். சம்மாட்டி பஞ்சைப் பார்த்தார், பிறகு திரைச்சீலையைப் பார்த்தார். “நல்லாப் பழகின கையாக் கிடக்கு. அப்ப வெளியில நிக்கிறவங்கள்?”

“அவையின்ர கதையை உங்களுக்குச் சொல்லமாட்டன். உங்கட கதையை அவைக்கும் சொல்லமாட்டன்.”

அவர் பஞ்சு ஒட்டிய கையை மடித்துக்கொண்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

இரத்தம் நிரப்பிய குழாய்கள் வந்த ஆட்களில் பாதிக்குக்கூட இல்லை என்று கண்டதும் டொக்டரின் முகம் வாடியது. “கூட்டத்தில என்னத்தைச் சொல்லுறது, மிஸ்?”

“நடந்ததைச் சொல்லுவம், டொக்டர். முகாமில எங்களை வரிசையில நிப்பாட்டி ரத்தம் எடுத்தவை. என்னத்துக்கெண்டு அம்மா கேட்டா. ‘கையை நீட்டு’ எண்டாங்கள்.”

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, சொல்லுவம்” என்றார்.

சில நாட்களில் றொசாந்தன் சைக்கிளில் தனியே வந்தான். “சம்மாட்டி சொல்லி வரேல்லை,” என்றுதான் தொடங்கினான். “விருப்பமானவன் போகலாம், போகாதவனை ஒண்டும் கேக்கமாட்டன் எண்டு கரையில வைச்சுச் சொல்லிப்போட்டார். அண்டைக்குக் குடுத்த சுஜீவன் என்னைவிட நல்லா வலை இழுக்கிறான். எடுங்கோ.” அவனுக்குப் பின் வேறு சிலரும் வந்தார்கள். சிலர் கடைசிவரை வரவேயில்லை. றஞ்சிதா அவர்களைத் தேடிப் போகவுமில்லை.

கூட்ட நாள் காலையில் சந்தியோகு வாசலில் நின்றார்.

“பஞ்சு விழுந்துபோச்சு, பிள்ளை.”

கதிரையில் இருந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார்.

“உங்களுக்கு விருப்பம்தானே, ஐயா?”

“விருப்பமில்லை,” என்றார் சுவரிடம். “ஆனா சம்மதம். கெதியாக் குத்து.”

அன்று பின்னேரம் இணையவழி நடந்த கூட்டத்தில் மன்னாரின் எண்ணிக்கை இன்னும் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. ஏன் என்று றஞ்சிதா சொன்னார். மற்ற ஆஸ்பத்திரிக்காரர் கேட்டிருந்துவிட்டு, இன்னொரு மாரிக்கு மன்னாரை வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்தார்கள். அந்த மாரிக்குத் தேவையான பொருட்களைக் கேட்டு எழுதும்போது, பஞ்சை மட்டும் டொக்டர் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்.